பி பிளாக்கின் அறுபத்தொரு கட்டைகள்

நிரஞ்சனா தன் பழைய கம்ப்யூட்டரோடு இருபத்தைந்து கட்டை மிடி கீபோர்டு ஒன்றைப் பொருத்தி, இடது கோடியிலிருந்த முதல் கட்டையை அழுத்திய செவ்வாய்க்கிழமை காலையில், சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அவள் அம்மா தெய்வானை வாயைத் திறந்தாள், திறந்த வாயிலிருந்து தண்ணீர்த் தொட்டியின் அடியிலிருந்து வருவதுபோலத் தாழ்ந்த, நடுங்காத ஒரு சுரம் புறப்பட்டது, நிரஞ்சனாவின் விரல் கட்டையை விட்டு எழும்வரை அது நிற்கவில்லை.

மிடி கீபோர்டு ஆர்மோனியம் மாதிரி இல்லை. அதற்குச் சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. எந்தக் கட்டை அழுந்தியது, எவ்வளவு பலமாக அழுந்தியது, எப்போது விடுபட்டது என்று ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. பியானோவாகவோ வயலினாகவோ ஒலிப்பது கம்ப்யூட்டரின் பொறுப்பு. அந்தக் கம்ப்யூட்டர் அன்றைக்கு ஏன் பியானோவை விட்டுவிட்டு, நொய்யல் ஆற்றுக்கு வடக்கே இருக்கிற ஹவுசிங் யூனிட்டின் பி பிளாக் ஜனங்களைப் பிடித்துக்கொண்டது என்பதைக் கடைசிவரை யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டியதை விசாரிக்கிற வழக்கம் பி பிளாக்கில் என்றைக்கு இருந்தது?

நிரஞ்சனாவுக்கும் அது அம்மாவின் குரல் என்று தெரியவில்லை. அவளுக்கு வயது இருபத்துமூன்று, அத்தனை வருஷத்தில் அம்மா பாடி அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. குரல் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தாள், சொக்கிப்போனாள், எட்டு எண்ணும்வரை அழுத்திப் பிடித்தாள், விட்டாள், மறுபடி எட்டு எண்ணும்வரை பிடித்தாள், இப்படி நான்கு தடவை. குறும்படம் ஒன்றுக்கு அவள் செய்துகொண்டிருந்த இசையின் அடித்தளமாக அதைப் பதிந்துகொண்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது, அம்மா சிங்க்கைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள், அவள் நெஞ்சு விசில் அடித்தது. அம்மாவுக்கு இளைப்பு உண்டு, மாதத்துக்கு இரண்டு தடவை வரும், ஆகவே நிரஞ்சனா இன்ஹேலரை எடுத்துக் கொடுத்து முதுகைத் தடவிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்து இரண்டாவது கட்டையை அழுத்தினாள். எதிர் வீட்டு வளர்மதி டீச்சர் பல் துலக்கிக்கொண்டே, நுரையும் சுரமுமாக வாசலுக்கு வந்து நின்றார்.

மத்தியானத்துக்குள் நிரஞ்சனாவுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்துபோயின. இருபத்தைந்து கட்டைக்கும் இருபத்தைந்து ஆட்கள் என்பது ஒன்று. கட்டை அழுந்தியிருக்கும்வரை அந்த ஆளால் மூச்சு இழுக்க முடியாது, விட மட்டும்தான் முடியும் என்பது இன்னொன்று. இரண்டாவது தெரிந்ததும் அவள் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து இடது கோடிக் கட்டைமேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள், பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, நான்கு எட்டு முப்பத்திரண்டு, நான்கு எட்டு முப்பத்திரண்டு என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் ஒருத்திதான் பயந்தாள். இதைத்தான் கவனிக்க வேண்டும். முதல் வாரம் பி பிளாக் முகம் சுளித்தது, இரண்டாவது வாரம் பழகிக்கொண்டது, மூன்றாவது வாரம் கர்வப்பட்டது. முதல் மாடியில் ஒருவருக்கு இட்லி தொண்டையில் இருக்கும்போது சுரம் வந்து புரையேறிவிட்டதால், நிரஞ்சனா வாசிக்கிற பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை யாரும் எதையும் மெல்லக்கூடாது என்று படிக்கட்டுக்குக் கீழே நோட்டீஸ் ஒட்டினார்கள். அவள் வாசிக்கவே கூடாது என்று ஒட்டவில்லை. கட்டை கிடைத்தவர்கள் ஐஸ் தண்ணீரை நிறுத்தினார்கள், காலையில் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார்கள், சட்டைப் பையில் பனங்கற்கண்டு வைத்துக்கொண்டு நடந்தார்கள், பத்து மணிக்கு முன்னால் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு சுரம் வருவதற்காக வாசலில் காத்து நின்றார்கள், பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒரு குடும்பம், எங்க பொண்ணுக்கு மேல் ஸ்தாயிக் கட்டைங்க என்று சொன்னது, வந்தவர்களும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்கள். கட்டை கிடைக்காத வீடுகளில் அடுப்புச் சத்தம்கூடக் குறைந்துபோனது.

நிரஞ்சனா அந்த நாட்களில் நிறுத்தியிருக்கலாம் இல்லையா என்றால், நிறுத்தியிருக்கலாம். குறும்படக்காரர்கள் அந்த இசையைக் கேட்டுவிட்டு, இவ்வளவு உயிரான குரலை எங்கே பிடித்தாய் என்று கேட்டு அடுத்த படத்தையும் கொடுத்திருந்தார்கள். அவள் அரை அரை நொடியாக, கொதிக்கிற பாத்திரத்தைத் தொடுகிறவள்போல வாசித்தாள், ஒவ்வொரு தடவை விரல் இறங்கும்போதும் யாரோ ஒருத்தரின் நெஞ்சுக்கூட்டின்மேல் இறங்குகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் வாசித்தாள்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடியிருப்போர் சங்கம் வண்டி நிறுத்துமிடத்தில் கூடியது. செயலாளர் நாச்சிமுத்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், நூறு பேர் கூட்டத்தில் நின்றாலும் கடைசி ஆளுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"ஏனுங் அம்மிணி, இருபத்தஞ்சு பேருக்குக் கட்டையக் குடுத்துப்போட்டு மிச்சப் பேர அம்போன்னு விட்டுப்போட்டா என்னுங்க ஞாயம்?"

"நான் குடுக்கலீங்க, அதுவா எடுத்துக்கிச்சு," என்றாள் நிரஞ்சனா. "ஞாயம் பேசறதுன்னா ஒண்ணு கேக்கறேன். கட்டை அமுங்கியிருக்கும்போது உங்களால மூச்சு இழுக்க முடியுதுங்களா? அதப் பத்தி இங்க ஒருத்தராச்சும் பேசுனீங்களா?"

"விட்டதும் வருதில்ல," என்றார் வளர்மதி டீச்சர். "மூச்சு எங்க போயிரும்? எனக்கு அது பிரச்சினையில்ல. எனக்குக் கறுப்புக் கட்டை வந்துருக்குது. எங்க வீட்ல யாருக்கும் கறுப்பு ஒத்துக்காது. வெள்ளையா மாத்திக் குடு."

"சத்தம் ஒண்ணுதான டீச்சர்."

"சத்தம் ஒண்ணுதான். பாக்கறவங்க சத்தத்தையா பாக்கறாங்க?"

பிறகு நாச்சிமுத்து, நட்டநடுவில் இருக்கிற நல்ல வெள்ளைக் கட்டை, பிளாக்கைக் கூட்டிப் பெருக்க வருகிற மருதாயிக்குப் போயிருப்பதைப் பற்றிப் பேசினார். இந்த பிளாக்கில் குடியிருக்காத ஆளுக்கு இந்த பிளாக்கின் நடுக்கட்டை எதற்கு என்று கேட்டார். இருபத்தைந்தில் அதுதான் மிகச் சுத்தமான சுரம் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் அந்தக் கேள்வியே வந்தது. மருதாயி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"நான் கேட்டனுங்களா? ஆருக்கு வேணுமோ எடுத்துக்குங்க. நீங்க எடுக்கற வரைக்கும் அது என்ற வாயிலதான் வரும், நான் என்ன பண்ணட்டும்?"

எடுக்க ஒரு வழியும் இல்லாததால் சங்கம் வேறு தீர்மானம் போட்டது: பெரிய கீபோர்டாகப் பார்த்து மாற்றுவது. கூட்டம் கலையப்போகிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து தெய்வானை எழுந்தாள்.

"எனக்கு வந்த கட்டை மேல இவ பிளாஸ்திரி ஒட்டி வெச்சிருக்கறா. அதப் பிச்சு உடச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து சண்டை நடந்தது.

"உனக்கு இளைப்பும்மா. ஒரு தடவ நான் கவனிக்காம விட்டா நீ செத்துப்போயிருவே."

"இளைப்பு எனக்கா, உனக்கா?"

"இப்பிடிப் பேசாத."

"இந்த யூனிட்டுக்கு வந்து இருபத்தஞ்சு வருசம். தண்ணி வந்துருச்சான்னு கேக்கறதுக்கும், கேஸ்காரன் வந்தானான்னு கேக்கறதுக்கும்தான் என்ற வாய் தொறந்துருக்குது. அன்னைக்கு ஒரு நாள்தான் அதுலருந்து வேற ஒண்ணு வந்துச்சு. அத நீ எனக்குத் தரமாட்டீங்கறே."

"உன்னக் காப்பாத்தறேன்."

"அதச் சொல்லித்தான் எல்லாரும் ஒட்டறாங்க, பிளாஸ்திரிய."

நிரஞ்சனா எந்த வாதத்துக்கும் பதில் வைத்திருக்கிறவள், கல்லூரியில் பேராசிரியர்களையே எழுந்து நின்று மடக்கியவள். இப்போது அவள் எழுந்து போய்ப் பிளாஸ்திரி இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பயம் வாதத்துக்காகக் காத்திருப்பதில்லை. எந்தக் கீபோர்டை மாட்டினாலும் ஆட்கள் புதிதாகக் கலைந்து அமர்வார்கள், அம்மா எந்தக் கட்டையில் வந்து உட்காருவாள் என்று தெரியாது, கட்டைகள் கூடக்கூட அம்மா தப்பிக்கிற இடம் குறையும். அன்றைக்கு இரவெல்லாம் அவள் எண்ணிப் பார்த்தது இதைத்தான்.

திங்கட்கிழமை காலை நாச்சிமுத்துவும் தெய்வானையும் நிரஞ்சனாவும் டவுன்பஸ் ஏறி வாத்தியக் கடைக்குப் போனார்கள். கடையில் இருந்த ரஃபீக், நிரஞ்சனாவைவிட ஐந்தாறு வயது மூத்தவன், எல்லா வாடிக்கையாளர்களிடமும் கேட்கிற கேள்விகளையே கேட்டான்: மேசை எவ்வளவு நீளம், வெளியூருக்குத் தூக்கிக்கொண்டு போகிற பழக்கம் உண்டா, ஒரு கையால் வாசிப்பீர்களா இரண்டு கையாலா.

"எங்க பிளாக்ல நூத்தி எட்டுப் பேருங்க," என்றார் நாச்சிமுத்து.

"அத்தன பேரும் வாசிப்பீங்களா?"

"வாசிக்க மாட்டமுங்க. நாங்கதான் சத்தம்."

ரஃபீக் ஒரு கணம் யோசித்தான். "அப்ப எண்பத்தெட்டுக் கட்டைதான் சார் இருக்கறதுலயே பெருசு. மிச்சம் இருபது பேர்?"

"அவங்க வாடகைக்கு இருக்கறவங்க."

"பாருங்க, இவரு மருதாயிய விட்டுட்டு எண்ணறாரு, வாடகைக்காரங்கள விட்டுட்டு எண்ணறாரு," என்று நிரஞ்சனா ரஃபீக்கிடம் சொன்னாள், ஏதோ அவன் நீதிபதி மாதிரி. "கட்டை இவரு எண்ணிக்கையைக் கேட்டா ஆளப் பிடிக்குது?"

எண்பத்தெட்டுக் கட்டையில் கட்டைகள் கனமாக இருந்தன. உள்ளே சுத்தியல் வைத்தது, பியானோ மாதிரியே அழுந்தும் என்றான் ரஃபீக். நிரஞ்சனா ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள், விரலுக்கு எதிர்ப்பு வந்தது, கனமான கட்டை தவறிப் பட்டால் இறங்காது என்று நினைத்ததும் முதல் தடவையாக அவள் நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஆனால் அது நாலரை அடி நீளம், அவள் வீட்டு மேசை மூன்றேகால் அடி, அந்த வீட்டில் நாலரை அடிக்குப் படுக்க மட்டும்தான் இடமிருந்தது. நாற்பத்தொன்பது கட்டை எடுக்கலாம் என்று அவள் மன்றாடினாள், குறைந்த ஆட்கள், குறைந்த ஆபத்து. சின்னதாகவே எடுப்பதற்கு மூன்று பேர் டிக்கெட் எடுத்து எதற்கு வந்தோம் என்றார் நாச்சிமுத்து. தெய்வானை அறுபத்தொரு கட்டைப் பெட்டியின்மேல் தன் கைப்பையை வைத்தாள். அது மூன்றடிக்கும் கொஞ்சம் குறைவு. அதன் கட்டைகள் லேசானவை. தும்மினால் இறங்கிவிடும் போலிருந்தது.

"இதோட ஒரு பெடலும் சும்மாவே தர்றோம்," என்று ரஃபீக் கறுப்பாக ஒரு சாமானைத் தரையில் வைத்தான். "காலை இதுமேல வெச்சீங்கன்னா, விரல எடுத்தாலும் சுரம் நிக்காது. நீளமாப் போயிட்டே இருக்கும்."

"நல்லதாப் போச்சு," என்றார் நாச்சிமுத்து.

"அது இந்தக் கடையை விட்டு வெளிய வந்துதுன்னா நான் வரமாட்டேன்," என்றாள் நிரஞ்சனா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவள் உள்ளங்கைகள் ஈரமாகியிருந்தன, அவற்றை மாறி மாறித் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டிருந்தாள், அதைப் பார்த்த ரஃபீக் பெடலை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்புவிழா என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு மணி நேரம் தனியாக விடுங்கள், ஒவ்வொரு கட்டையாகத் தொட்டு அம்மா எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுகிறேன் என்று நிரஞ்சனா செவ்வாய்க்கிழமை முழுவதும் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். யார் எந்தக் கட்டை என்பதை எல்லார் முன்னாலும்தான் பார்க்க வேண்டும், ரகசியமாகப் பார்த்து யாருக்காவது கட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள். கம்ப்யூட்டரைக் கீழே இறக்கி வண்டி நிறுத்துமிடத்தில் கேரம்போர்டு மேசைமேல் வைத்தார்கள். நூற்றெட்டுப் பேரும், விளக்குமாற்றோடு மருதாயியும் சுற்றி நின்றார்கள். தெய்வானை பச்சைக் கரை போட்ட புடவை கட்டி முன்வரிசையில் நின்றாள். முதல் கட்டையை அழுத்துகிற உரிமை செயலாளருக்கு.

நாச்சிமுத்து விரலைக் காற்றில் சுற்றினார், கண்ணை மூடினார், எங்கேயோ ஒரு கட்டையில் குத்தினார், தெய்வானையின் வாய் திறந்தது.

அந்தச் சுரம் அத்தனை பேரின் காலடியிலும் சிமெண்டுத் தரை வழியாக ஏறியது. ஆரது, ஆரது என்றார்கள், தெய்வானைங்க என்றார்கள், பாவம் வாயே திறக்காத பொம்பளைங்க என்றார்கள், தெய்வானையின் கண்கள் சிரித்தன, நாச்சிமுத்து பெருமையில் விரலை எடுக்க மறந்துபோனார். நிரஞ்சனா மூன்று எண்ணினாள். நான்கு எண்ணினாள்.

"கைய எடுங்க," என்று கத்தினாள்.

பி பிளாக்கில் மின்சாரம் ஏறி இறங்குவது வழக்கம், மிக்ஸி புகைந்தாலும் டிவியில் கோடு விழுந்தாலும் அங்கே எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான், பிளக்கைப் பிடுங்குவது. திடீரென்று ஒரு பெண் கத்தினதும் நாச்சிமுத்துவின் இடது கை தானாகப் போய்க் கீபோர்டின் ஒயரைப் பிடுங்கியது. வலது கை அப்போதும் கட்டைமேல்தான் இருந்தது. ஒயரைப் பிடுங்கிய பிறகு அவர் விரலை எடுத்தார், "எடுத்துட்டனுங்க," என்று காட்டினார்.

விரல் எழுந்த சேதி போக வழியில்லை. கட்டை அழுந்தியது என்பது மட்டும்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும், விடுபட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சுரம் நிற்கவில்லை.

ஜனங்கள் கைதட்டினார்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் ஆறாது: அவள் மூச்சில்லாமல் போய்க்கொண்டிருந்தாள், என்ன தம், என்ன தம் என்று அவர்கள் கைதட்டினார்கள். தெய்வானையின் கண்களிலிருந்த சிரிப்பு போனது. ஒரு கை நெஞ்சுக்குப் போனது. உதடுகள் நாவல்பழம் தின்றவைபோல நிறம் மாறின, அவற்றின் நடுவிலிருந்து சுரம் மட்டும் கொஞ்சமும் பிசகாமல் வந்துகொண்டிருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்துவிடலாமா என்று நிரஞ்சனாவின் கை ஸ்விட்ச் வரைக்கும் போய் நின்றது. பிளக்கைப் பிடுங்கினதால் வந்ததை இன்னொரு பிளக்கைப் பிடுங்கித் தீர்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை, சுரத்தைக் கையில் பிடித்தபடியே அது செத்துப்போனால் பிறகு யாரிடம் போய் விடச் சொல்வது? ஒயரை மறுபடி செருகினாள். கம்ப்யூட்டர் கீபோர்டை அடையாளம் கண்டுகொள்ள நேரம் எடுத்துக்கொண்டது, ஒரு சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது, இன்னும் சுற்றியது.

"எந்தக் கட்டைங்க அமுக்குனீங்க?"

"கறுப்புங்க. இல்லீங், வெள்ளை. நான் கண்ண மூடிட்டனுங்களே."

வட்டம் நின்றது. தெய்வானை முழங்கால் மடங்கிச் சரிந்தாள், மருதாயி அவளைத் தாங்கிப் பிடித்தாள். அறுபத்தொன்றில் ஒன்று. அதே கட்டையை மறுபடி அழுத்தி விட்டால் விடுபட்ட சேதி போய்ச்சேரும், ஆனால் ஒன்றொன்றாகத் தேட அம்மாவிடம் நேரம் இல்லை. நிரஞ்சனா இரண்டு முன்கைகளையும் அகல விரித்து, முழங்கை முழங்கையோடு ஒட்ட, கீபோர்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சாய்ந்து படுத்து அழுத்தினாள்.

பி பிளாக் அலறியது. நாச்சிமுத்துவின் வாய் திறந்தது, வளர்மதி டீச்சரின் வாய் திறந்தது, மருதாயியின் வாய் திறந்தது, இடுப்புக் குழந்தைகளின் வாய்கள் திறந்தன, அறுபத்தொரு தொண்டைகளிலிருந்து ஒரே குரலாக எழுந்த அந்தச் சத்தத்தில் வண்டிகளின் கண்ணாடிகள் அதிர்ந்தன, கட்டை கிடைக்காதவர்கள் காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். நிரஞ்சனாவின் முகத்துக்கு நேரே அத்தனை கண்களும் அகன்று நின்றன. இப்போது கையை எடுக்கும்போது ஒயர் கொஞ்சம் அசைந்துவிட்டால் அறுபத்தொரு பேரும் இப்படியே நின்றுவிடுவார்கள், எடுக்காவிட்டால் அம்மா போய்விடுவாள், இரண்டும் தெரிந்தே, கண்ணை மூடாமல், அவள் கைகளை எடுத்தாள்.

சத்தம் அறுந்தது. பிறகு அறுபது பேர் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள், மேல்மாடிக் கொடியில் காய்ந்த துணிகள் அசைந்தமாதிரி இருந்தது. அதற்கும் பிறகு, கீச்சென்று, விசிலோடு, ஒரு மூச்சு தனியாக உள்ளே போனது.

யாரோ இன்ஹேலர் கொண்டுவந்தார்கள், யாரோ வெந்நீர் கொண்டுவந்தார்கள். தெய்வானை மருதாயியின் தோளில் சாய்ந்து கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மூச்சு கொஞ்சம் தணிந்ததும் வளர்மதி டீச்சர் மெதுவாக, "மேல் ஸ்தாயில ஒண்ணு கேட்டுதே, தனியா, அது என்னுதுதானுங்களே?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்.

நிரஞ்சனா ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

"எதுக்குச் சுருட்டறே," என்றாள் தெய்வானை.

"போதும்மா. எடுத்துட்டுப் போயி நொய்யல்ல போட்டுர்றேன்."

"நீ போட்டா இவரு போயி இன்னொண்ணு வாங்கிட்டு வருவாரு. கண்ண மூடிக் குத்துவாரு." அவள் நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அவரும் என்னையக் கேக்கல. நீயும் கேக்கல. நீ ஒட்டுனே, அவரு அமுக்குனாரு."

"என்ன கேக்கணும்?"

"எத்தன எண்ணற வரைக்கும் தாங்கும்னு."

நிரஞ்சனா ஒயரை மேசைமேல் வைத்துவிட்டு, வருகைப் பதிவுக்காக வைத்திருந்த சங்கத்து நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்தாள்.

"சரி. எத்தன?"

"ஏழு."

"பொய் சொல்றே."

"நாலு."

இரண்டு என்று எழுதினாள். தெய்வானை எட்டிப் பார்த்துவிட்டு, "பயந்தாங்கொள்ளி," என்றாள், ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

அடுத்தது மருதாயி. "மூணுங்க அம்மிணி. தூசியக் கூட்டிக் கூட்டி அவ்வளவுதான் மிச்சம் இருக்குது," என்றாள், நிரஞ்சனா அதை அப்படியே எழுதினாள். அதைப் பார்த்ததும் வரிசை உருவாகிவிட்டது, பி பிளாக்குக்கு வரிசை என்றால் போதும், கட்டை கிடைக்காதவர்கள்கூட வந்து நின்றார்கள், முன்னால் நிற்கிறவர் சொன்னதைவிட ஒன்றாவது கூட்டிச் சொன்னார்கள். ஒன்பது என்றார்கள், பன்னிரண்டு என்றார்கள், டீச்சர் பதினைந்து என்றார். இடுப்பில் குழந்தையோடு வந்த ஒருத்தி, குழந்தைக்குப் பத்துப் போட்டுக்குங்க என்றாள். கடைசியாக நாச்சிமுத்து வந்து மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு நேராக நின்றார்.

"இருபதுங்க. கண்டக்டர் வேலைல விசில் ஊதுன நெஞ்சு."

நிரஞ்சனா நிமிர்ந்து அவர் சட்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள், ஏறுகிற தூரம் மிகவும் குறைவாக இருந்தது, அவர் கழுத்தோரத்தில் ஒரு நரம்பு அவசரமாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஐந்து என்று எழுதினாள். நோட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.